திராட்சைக்குத் தீட்டு

நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. பனமரத்துப்பட்டி ஏரிக்குக் கீழே வெற்றிலைக் கொடிக்காலை அழித்துவிட்டுத் திராட்சை போட்டார் நிலத்துச் சொந்தக்காரரான எங்கள் பண்ணாடி தங்கசாமி. வெற்றிலையை அழித்தவர் அதன் சட்டத்தை அழிக்கவில்லை. மாதவிலக்கான பெண் கொடிக்காலுக்குள் கால் வைத்தால் கொடி பட்டுப்போகும் என்பார்கள். திராட்சைக்கும் அதே சட்டம்தானாம்!

மாசி பாதியில், ஏற்காட்டுத் துரை தோட்டத்தில் வேலை பார்த்த கந்தப்பன் வந்து கவாத்து செய்தான். ஓர் இலை மிச்சமில்லாமல் மொட்டையாக வெட்டினான். மறுநாள் விடிந்து பார்த்தால், வெட்டிய நுனியிலெல்லாம் நீர் சொட்டுகிறது. பண்ணாடி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எவளோ தீட்டோட உள்ள வந்திருக்கறா!"

"இல்லீங்க. வெட்டுன கொடி இப்படித்தானுங்க அழுவும். பதினஞ்சு நாள்ல துளிர் வந்துருமுங்க" என்றான் கந்தப்பன். யார் காதில் வாங்கினார்கள்?

களை வெட்ட வந்த எங்கள் ஐந்து பேரையும் பண்ணாடி வரிசையில் நிறுத்தினார். தலைக்குக் குளித்தது என்றைக்கு என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டார். அறுபது வயது ஆண்பிள்ளை, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, விரல் விட்டு நாள் எண்ணினார். சாறு தாடையில் வழிந்தது. த்தூ!

"பன்னண்டு நாளாச்சுங்க சாமி" என்றேன்.

"பழனியம்மா பொய் சொல்றா. இவ மொகமே சரியில்ல. இனி இவ தோட்டத்துப் பக்கம் வரக்கூடாது."

அவர் விலக்கினால் அந்த ஊரில் வேறெவரும் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். என் புருசன் செத்து வருசம் திரும்பவில்லை. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். ஏரிக்கரைக் கீரையைப் பறித்து, உப்புப் போட்டு அவித்து அதுகளுக்குக் கொடுத்தேன். குடத்தோடு கிணற்றுக்குப் போனால் மற்ற நாலு பேரும் தள்ளி நின்றார்கள். அவர்களும் அந்த வரிசையில் நின்றவர்கள்தானே? எனக்கு அதுதான் பண்ணாடியைவிட அருவருப்பாக இருந்தது.

பதினாலாம் நாள், வேம்பு பூக்கத் தொடங்கிய நேரம், பந்தல் முழுக்கத் துளிர் விட்டது. பண்ணாடி என் குடிசை வாசலுக்கே வந்துவிட்டார். சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை? அந்தப் பேச்சே இல்லை.

"பாத்தியா, நீ போனதும் கொடி துளுத்துருச்சு! களை மண்டிக் கெடக்குது, வா. ஆனா சுத்தமா இருக்கறயா?"

"சுத்தமாத்தானுங்க சாமி இருக்கறேன்."

களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு மூலை விடாமல், ஒவ்வொரு கொடியின் தூரையும் கையால் தொட்டுத் தொட்டுக் களை எடுத்தேன். அன்றைக்கு எனக்கு இரண்டாம் நாள்.

ஆனிக் கடைசியில் பந்தல் தாங்காமல் குலை தொங்கியது. முதல் குலையைச் சாமிக்குப் படைத்துவிட்டு, பண்ணாடி ஒவ்வொரு பழமாகச் சப்பிச் சப்பித் தின்றார். கடைசிப் பழம் வரைக்கும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.