கிழக்குக் கிளை மட்டும்

அரூரில் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்துவந்த ஹாஜிரா, எழுபத்தொன்றாம் வருஷம் தன் வீட்டை ஒட்டிய காலி இடத்தில் வகுப்புக்கென்று ஓர் அறை கட்டத் தொடங்கினாள். சுவர் எட்டடி எழும்பியதும் கொத்தனார் தர்மன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். தெருவோரப் புளியமரத்தின் பெரிய கிளை ஒன்று சுவருக்கு மேலே குறுக்காக நீண்டிருந்தது.

“இதை எடுக்காம ஓடு போட முடியாதுங்க. மரம் பஞ்சாயத்துது. பர்மிஷன் வாங்கியாந்துடுங்க.”

பஞ்சாயத்து ஆபீஸ் எழுத்தர் வெங்கடாசலம் மனுவைப் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

“எந்தக் கிளை, எவ்வளவு நீளம்னு நாங்க எப்படிங்க எழுதறது? மரத்தையே எடுக்கணும்னு குடுங்க. ஏலம் விட்டு வெட்டிடலாம்.”

“ஒரு கிளைக்காக முழு மரத்தையுங்களா? வேண்டாங்க.”

“அப்படின்னா பிளான் போட்டுக் கொண்டாங்க” என்றார் அவர், இத்தோடு விட்டுவிடுவாள் என்று எண்ணி.

கணவன் பக்ருதீனுக்கும் அலுப்புதான். “அவரு சொல்றபடியே எழுதிக் குடுத்துட்டா என்ன?”

“முனியம்மாள் அந்த நெழல்லதான் கீரை விக்கிறா. சேலம் பஸ்ஸுக்கு நிக்கிற சனமெல்லாம் அங்கதான் ஒதுங்குது. என் ரூமுக்காக அவங்களை வெயில்ல நிறுத்தச் சொல்றீங்களா?”

மறுநாள் காலையில் ஹாஜிரா ஏணியைச் சார்த்தினாள். பக்ருதீன் பிடித்துக்கொள்ள, அளவு நாடாவோடு ஏறி அடிமரம், கிளையின் பருமன், சுவரிலிருந்து தூரம் எல்லாவற்றையும் அளந்தாள். பழுப்புத் தாளை விரித்து, ரவிக்கைக்கு உடம்பும் கையும் வரைவதுபோலவே மரத்தை வரைந்து, வெட்ட வேண்டிய இடத்தில் சிவப்புக் கோடு போட்டாள்.

பஞ்சாயத்து ஆபீஸில் நிர்வாக அதிகாரி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார்.

“யாரு வரைஞ்சது?”

“நான்தாங்க.”

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு டேப்போடு நேரிலேயே வந்துவிட்டார். அடிமரத்திலிருந்து சுவர் வரை தாளில் குறித்திருந்தது நாலடி மூன்று அங்குலம். அவருடைய டேப்பிலும் அதேதான். மற்ற அளவுகளையும் பார்த்தார். ஓர் அங்குலம்கூடப் பிசகவில்லை.

“எங்க ஓவர்சியரு போட்டாக்கூட இவ்வளவு சுத்தமா இருக்காதும்மா” என்றார், தெருவில் நின்றவர்கள் காதில் விழும்படி. ‘கிழக்குப் பக்கக் கிளை ஒன்று மட்டும்’ என்று அங்கேயே உத்தரவு எழுதிக் கையெழுத்திட்டார். பக்ருதீன் அன்று கடைவீதியில் பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கிளை இறங்கியது, பத்தே நாளில் ஓடு வேய்ந்தாயிற்று. மரம் நின்றது.

இரண்டு மாதம் கழித்து, வகுப்பு நடக்கும்போது கடத்தூர் விவசாயி ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

“மாட்டுக்கொட்டாய்க்கு வேப்பமரம் இடிக்குதுங்க. எங்கூரு ஆபீஸ்ல கேட்டா, அரூர் டீச்சரம்மாகிட்ட பிளான் போட்டுக்கிட்டு வான்னுட்டாங்க.”

ஹாஜிரா சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுவாரமே அவர் ஊருக்குப் போனாள். படம் முடிந்ததும் அடியில் ஒரு வரி சேர்த்தாள்: ‘வரைந்தவர்: ஹாஜிரா, தையல் ஆசிரியை, அரூர்.’