மூப்பு வரிசை

இதனால் ஸாரிபுலாக் மாவட்டத்து மக்கள் அனைவருக்கும் பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கப்படுவது: வரும் சனிக்கிழமை பகல், பண்பாட்டு மாளிகையில், மாவட்டத் தலைவர் தாவ்லெத்கெரெய் அவர்களின் முன்னிலையில், பாலுறவால் பரவும் நோய்கள் அனைத்தும் நம் மண்ணைவிட்டு ஒழிக்கப்படும். பின்னர் குதிரைக்கறி விருந்து.

கடைசி வரிக்காகவே மண்டபம் நிரம்பியது. எர்போலும் அதற்காகத்தான் வந்தான். அவன் மனைவி மரால் வந்தது வேறு காரியத்துக்கு. அவளுக்கு வயிற்றில் நான்கு மாதம். கர்ப்பப் பரிசோதனையில் சிபிலிஸ் என்று தெரிந்து, பென்சிலின் ஊசியும் போட்டாகிவிட்டது. "உன் வீட்டுக்காரருக்கும் பாக்கணும் மரால். இல்லேன்னா திரும்ப உனக்கு வரும், பிள்ளைக்கும் போகும்" என்று டாக்டர் ரைஹான் சொல்லியிருந்தார். ஒரு மாதம் எண்ணெய்க் கிணற்றில் வேலை, ஒரு மாதம் வீடு என்று இருக்கும் எர்போலுக்கு நோய் வந்த வழி தெரியும். ஆனால் பால்வினை மருத்துவமனையின் வாசல் சந்தைக்கு நேர் எதிரே இருந்தது. "அந்தப் படியில கால வச்சா தக்காளி விக்கிறவகூட துக்கம் விசாரிப்பா. ஆள விடு" என்று சொல்லிவிட்டான்.

தலைவர் பேசினார். ஆட்டு ரோமத்தின் விலையிலிருந்து விண்வெளி வரை எல்லாவற்றையும் தொட்டார்; நோயின் பெயரை மட்டும் தொடவில்லை. ஆணுறை என்று வரவேண்டிய இடத்தில் இருமினார். அவர் இறங்கியதும் ரைஹான் மைக்கைப் பிடித்து, ஆணுறை, சிபிலிஸ், எச்ஐவி என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "ரத்தம் பாக்க விரல்ல ஒரு குத்துதான். முடிவ திரைக்குப் பின்னால உங்ககிட்ட மட்டும் சொல்வேன், மருந்தும் அங்கேயே. முதல்ல யாரு? தலைவரா?" என்றார்.

ஊசியைக் கண்டதும் தலைவருக்குப் பண்பாடு ஞாபகம் வந்தது. "பெரியவர் சகின்பாய் இருக்கும்போது நான் முந்தலாமா?"

கறியாகட்டும், கல்யாணமாகட்டும், இங்கே மூத்தவருக்குத்தான் முதல் மரியாதை. கொடுத்த மரியாதையை மறுக்கவும் முடியாது. தொண்ணூறைத் தாண்டிய சகின்பாய் மேடையேறினார். "குத்தும்மா! எத்தன ஆட்டுக்கு நான் ஊசி போட்டிருக்கேன், ஒண்ணாவது அழுதுச்சா?"

மண்டபம் கைதட்டியது. அடுத்த மூத்தவர் தாமே எழுந்தார். அவருக்கு அடுத்தவர், அவருக்கும் அடுத்தவர். மரியாதை என்று ஆனபின் ஊசி எங்கே வலிக்கும்? சற்று நேரத்தில் வரிசையில் சண்டையே மூண்டது.

"தள்ளுடா, நான் உனக்கு மூணு மாசம் மூத்தவன்!"

"யாரு சொன்னது, உங்க ஆத்தா கணக்கா?"

குத்துப்பட்டவர்கள் பஞ்சு வைத்த விரலைப் பதக்கம்போல் தூக்கிக் காட்டிக்கொண்டு இறங்கினார்கள். தன் வயதின் முறை வந்தபோது தலைவருக்கும் தப்ப வழியில்லை. ஊரே கோஷம் போட்டு ஏற்றிவிட்டது.

எர்போல் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தான். பக்கத்து வீட்டு குவாண்டிக் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "எங்கண்ணே போறீங்க? உங்கள முந்திக்கிட்டுப் போனா எங்கப்பா என் தோல உரிச்சிடுவாரு!" பின்னால் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே அவனை முன்னே தள்ளினார்கள். எர்போல் மராலை ஒருமுறை பார்த்தான். பிறகு விரலை நீட்டினான்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரைக்குப் பின்னால் போனான். வரத் தாமதமானது. மரால் போய்க் கேட்டாலும் ரைஹான் சொல்லமாட்டார்.

விருந்தில் எல்லோரும் தாழ்ந்த மேசைகளைச் சுற்றிக் கம்பளத்தில் அமர்ந்தார்கள். எர்போல் தட்டோடு சுவரோரம் போய் நின்றான்.

"உக்காருப்பா!"

"பரவால்ல, பெரியவங்க உக்காரட்டும்."

மரால் அவனையே பார்த்தாள். ஒரு நல்ல துண்டை எடுத்துப்போய் அவன் தட்டில் வைத்தாள். அவன் தலை நிமிரவில்லை.

சகின்பாய்க்குக் கண் கலங்கியது. "பாத்தீங்களா! இந்தக் காலத்துலயும் மூத்தவங்க முன்னால உக்காராம நிக்கிறாங்க!"

சுவரோரம் இன்னும் சிலர் நின்றிருந்தார்கள், பல வயதிலும். நடுவில் நின்றபடியே, மரபின் மகத்துவம் பற்றித் தலைவர் இரண்டாவது உரையைத் தொடங்கினார்.

இடுப்பில் பென்சிலின் ஊசி போட்டால் அன்றைக்கு உட்கார முடியாது.