வீட்டு வாசலில் எஞ்சினை அணைப்பவர்

அந்த பஸ் டிரைவருக்கு டிப்போவில் 'அவசரம்' என்று பட்டப்பெயர். ஆள் அவ்வளவு நிதானம், அந்தக் கிண்டல்தான். ஆனால் ஒரு விஷயத்தில் உண்மையிலேயே அவசரக்காரர். கடைசி நிறுத்தத்தில் பஸ் நின்றதோ இல்லையோ, எஞ்சினை அணைத்துவிடுவார். நிறுத்தத்துக்கு நேர் மேலே, முதல் மாடியில், அவர் வீட்டு ஜன்னல். உள்ளே மூச்சிரைப்பில் மனைவி. பழைய பஸ் கக்கிய புகையில் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமா! அவள் படி இறங்கி மாதக்கணக்காயிற்று.

புது பஸ் வந்த பிறகுதான் வீட்டில் இருமல் அடங்கியது. டீசலில் தாவர எண்ணெயில் செய்த பயோடீசலைக் கலந்து ஊற்றினார்கள். புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி வேறு. அடேயப்பா, குழாய்க்குள் விரலை விட்டாலும் கறை ஒட்டாது! அவள் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்க ஆரம்பித்தாள்.

அந்த நிம்மதிக்கு உலை வைத்தது அதே வடிகட்டி. திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டது. எஞ்சின் ஆயிலோ குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனது. எல்லாம் கலப்பு எண்ணெயின் வேலை என்று மேலாளர் முடிவுகட்டி, பழைய பஸ்ஸையே அந்தத் தடத்துக்கு எடுக்கச் சொன்னார். டிரைவர் நேரே மெக்கானிக்கைத் தேடிப் போனார்.

ஒர்க்‌ஷாப் மெக்கானிக் வேறு யாருமில்லை, மனைவியின் தங்கைதான். வடிகட்டியில் சேர்ந்த கரியை பஸ் தானே எரித்துக்கொள்ளும்போது மஞ்சள் விளக்கு எரியுமே, அது அணையும்வரை ஓட்டுகிறீர்களா என்று கேட்டாள். சொன்னால் தன் வேலைக்கு வேட்டு, சொல்லாவிட்டால் மனைவியின் மூச்சுக்கு.

"விளக்கு எரிஞ்சாலும் வாசல்ல அணைச்சிடுவேன்மா," என்று போட்டு உடைத்தார். "உங்க அக்கா ஜன்னல் திறந்திருக்குமே."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பயோடீசல் கலந்தா கரி கம்மி அத்தான், சீக்கிரமும் எரியும். ஆனா அதை எரிக்கக் கூடுதலாத் தெளிக்கிற எண்ணெய்ல கொஞ்சம் எஞ்சின் ஆயில்ல இறங்கும். நீங்க பாதியில அணைச்சா கரி அப்படியே தங்கி அடைச்சுக்கும், மறுபடி முதல்லேர்ந்து தெளிக்கும். டீசலாவது சூட்டுல ஆவியாப் போயிடும், பயோடீசல் லேசுல போகாது, அதான் ஆயில் ஏறுது. தப்பு உங்க மேலதான். ஆனா திட்ட மனசு வரலை."

அவளே மேலாளரிடம் கூட்டிப்போனாள். அவர் டிரைவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். கடைசியில் புது பஸ்ஸை விட்டுவைத்தார். விளக்கு எரிந்தால் மட்டும் வாசலில் நிற்கவே கூடாது, காலி வண்டியைப் புறவழிச்சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுத்தான் வரவேண்டும். அன்றைக்கு மாடியேறி மனைவியோடு டீ குடிக்க முடியாது, அவ்வளவுதான்.

ஒருநாள் காலை கடைசி நிறுத்தத்தில் விளக்கு எரிந்தது. பயணிகள் இறங்கினார்கள். கிளம்ப மனசில்லாமல் மேலே பார்த்தார். ஜன்னல் சாத்தியிருந்தது. என்ன ஆச்சோ என்று பதறித் திரும்பினால், பஸ் படியில் அவள், கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு. தங்கை எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

"அணைக்காதீங்க," என்றாள். "எனக்காக ஒரு பஸ்ஸையே பாழாக்கப் பாத்தீங்களே. நானும் வர்றேன்."

அவள் முன் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

புறவழிச்சாலையில் பாதி தூரம் போவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. அடுத்த நடைக்கு இன்னும் நேரமிருந்தது. அவர் வண்டியைத் திருப்பவில்லை. அவளும் பார்த்துவிட்டாள், அவளும் திருப்பச் சொல்லவில்லை.