பதினோரு நிமிடத் தள்ளுபடி

எங்கள் அண்ணன் வாயிலிருந்து ஒரு ‘மன்னிச்சிடு’ வந்தால் அதற்கு விலையே கிடையாது என்பார்கள். ஏன் கிடையாது? இன்றைய சந்தை நிலவரப்படி, துணிக் கிடங்கில் மூன்றில் ஒரு பங்கு.

கிடங்கு எங்கள் மூவருக்கும் பொது, கடை ஆளுக்கொன்று. அண்ணனுக்குச் சட்டைத்துணி, தங்கைக்குத் திரைச்சீலை, நடுவில் பிறந்த பாவத்துக்கு எனக்குப் பொத்தானும் நூலும். ஒரு நாள் தன் கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, தங்கையின் கத்தரி நேராகப் போனதாகச் சரித்திரமே இல்லை என்று அண்ணன் சொல்லிவைத்தார். பலர் முன்னால் சொன்னதைப் பலர் முன்னால் வாபஸ் வாங்க வேண்டும், சனிக்கிழமை மாலைக்குள் வாங்காவிட்டால் கிடங்கில் தன் பங்கு டயர் வியாபாரிக்கு என்று அவள் இணையத்தில் எழுதினாள். ரப்பர் வாடையடிக்கும் சட்டையை யார் வாங்குவார்? என் பொத்தானுக்கும் அதே கதிதான்.

எழுதிய இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஒரு முதலாளிக்குச் சொந்தமான சமூக வலைத்தளம் இல்லை. அவரவர் சர்வர் அவரவருக்கு. ஒரு சர்வரில் எழுதியதை மற்ற சர்வர்களுக்கு அதுவே கொண்டுபோய்க் கொடுக்கும். இன்னொருவர் இடத்தில் குடியிருக்க எங்கள் வீட்டில் யாருக்கும் ஆகாது என்பதால், ஆளுக்கொரு சர்வர் வைத்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணனின் மன்னிப்பு என் சர்வரில் வந்து நின்றது. இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தேன். ஊரே பார்த்தது. தங்கை மட்டும் “பதில் இன்னும் வரவில்லை” என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

அண்ணனிடம் இன்னொரு தடவை எழுதச் சொன்னேன்.

“நம்ம கடையில ஒரே விலைடா. சொன்னா சொன்னதுதான். ரெண்டாந்தடவை சொல்ல நான் என்ன கூவி விக்கிறவனா?”

தங்கைக்கு என் திரையைப் படம் பிடித்து அனுப்பினேன்.

“உன் கடைத் தராசுல நீ எடை போட்டுக் காட்டினா நான் நம்பணுமாக்கும், சின்னண்ணா? நீ என்னிக்குமே அவருக்குத் தரகர்தானே. என் சர்வர்ல வரட்டும், பாக்கலாம்.”

வேறு வழியில்லாமல் மெக்கானிக் ஆனேன். அண்ணனின் சர்வரைத் தடுத்து வைத்திருக்கிறாயா என்று அவளைக் கேட்டேன். தடுப்பதென்றால் தண்டோரா போட்டுத் தடுப்பேன் என்றாள். அவள் சர்வர் டிஸ்கில் இடம் இருந்தது. அணைத்துப் போடச் சொன்னேன், பலனில்லை. இதில் வேடிக்கை, அவள் எழுதுவது மட்டும் அண்ணனுக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் சனிக்கிழமை அவள் கடைக்கே போய், கல்லாவுக்குப் பின்னால் விற்காத திரைச்சீலைக் கட்டின் மேல் உட்கார்ந்து, சர்வரின் பதிவுகளைத் தோண்டினேன். அண்ணனிடமிருந்து வந்ததையெல்லாம் அது ஒரே காரணம் சொல்லித் திருப்பியிருந்தது: அனுப்பும் சர்வர் போட்ட கையெழுத்தின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது.

என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தேன். விளங்கிவிட்டது.

வேலையாட்கள் சீக்கிரம் வரட்டும் என்று அண்ணன் கடையில் கடிகாரம் நாற்பது நிமிடம் முன்னால் ஓடும். ஆட்கள் தாமதமாகப் போகட்டும் என்று தங்கை கடையில் முப்பது நிமிடம் பின்னால் ஓடும். வருகைப் பதிவும் பில்லும் சர்வரும் ஒரே பெட்டியில் என்பதால், பெட்டிக்கும் அதே நேரம். பழைய தேதியிட்ட கடிதத்தைச் சர்வர் பெருந்தன்மையோடு வாங்கிக்கொள்ளும். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ எதிர்கால நேரமிட்டதை மட்டும் போலி என்று தள்ளும். சரியான நேரம் காட்டும் ஊராரோடு இருவருக்கும் வம்பில்லை. இவர்கள் இருவருக்கும் நடுவில்தான் எழுபது நிமிடம்.

கடிகாரத்தைச் சரியாக வை என்றால், இருவரும் சொத்தை எழுதிக் கேட்டதுபோல் சீறினார்கள். ஆக, அண்ணன் போனில், தங்கை எதிரில், பேரம். பத்து நிமிடத்துக்கு மேல் குறைந்தால் போதும். அண்ணன் மூன்றில் ஆரம்பித்தார். தங்கை இரண்டென்றாள். ஆளுக்கு ஐந்து என்று இழுத்து வந்தேன். பத்து போதாதே, மேலே ஒன்று வேண்டும் என்றதும் அண்ணன் போனை வைத்துவிட்டார், தங்கை எழுந்து போய்விட்டாள். டயர்காரர் கிளம்பிவிட்டார் என்று சொன்ன பிறகுதான் அண்ணன் இறங்கினார். அதோடு, என்றுமில்லாமல் குரலும் இறங்கியது.

“நான் அன்னிக்கு அவ்வளவு எழுதியும் ஒரு வார்த்தை திருப்பி எழுதலடா அவ. பதில் இன்னும் வரலன்னு மட்டும் போட்டா. என் பேச்சைப் பதிலாவே மதிக்கல பாரு, அதுதான் சுருக்குன்னு குத்திச்சு. இந்தா, ஆறு நிமிஷம். எடுத்துக்கோ.”

அவ்வளவு என்றால் எவ்வளவு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். அவசரத்தில் விட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, மன்னிப்புக்கு முன்னால் அவர் திட்டி எழுதியதைத் தங்கைக்கு நேராக மட்டும் அனுப்பியிருக்கிறார். அதுவும் போய்ச் சேரவில்லை. வந்தே சேராத ஏச்சுக்கு அவள் காட்டாத பொறுமையைப் பார்த்து மனம் இளகித்தான் மனுஷன் மன்னிப்பே கேட்டிருக்கிறார்.

ஆறும் ஐந்தும் பதினொன்று. ஐம்பத்தொன்பது நிமிட இடைவெளியில் சர்வர்கள் சமாதானமாயின. சற்று நேரத்தில் மன்னிப்பு தங்கையின் திரையில் வந்திறங்கியது. இரண்டு தடவை படித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். வாசலில் வண்டியை நிறுத்திய டயர்காரரிடம், குடும்ப விஷயம், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினாள்.

திரும்பி வந்த கடிதத்தை அனுப்பிய சர்வர் தூக்கிப் போடுவதில்லை. ஒவ்வொரு தடவையும் அப்போதைய நேரத்தில் புதுக் கையெழுத்துப் போட்டு, மறுபடி மறுபடி எடுத்துக்கொண்டு போகும். கடிதம் பழசாக ஆக, அதிக நேரம் காத்திருந்து போகும். அதனால் கடைசியாக எழுதிய மன்னிப்பு முதலில் வந்தது. கடை மூடும் நேரத்தில், அவள் கைக்குக் கத்தரி எதற்கு, பல் போதாதா என்ற வாசகம் வந்தது. சாப்பாட்டு நேரத்தில், அவள் திரைச்சீலையை மாட்டினால் ஜன்னலே கோணலாகிவிடும் என்றது அடுத்தது. படுக்கப்போகும் முன் வந்ததை இங்கே எழுத முடியாது.

தான் கேட்ட மன்னிப்பு மொத்த வியாபாரம், எல்லாம் அதில் அடக்கம் என்று அண்ணன் என் மூலம் சொல்லியனுப்பினார். தான் சில்லறையில்தான் வாங்குவது என்று தங்கையிடமிருந்து பதில் வந்தது. கூடவே, ஊர் பார்க்க ஒரு கணக்கும்:

ஏச்சு, கடையில் ஒன்று, சர்வரில் மூன்று, ஆக நான்கு. வந்த மன்னிப்பு ஒன்று. நிலுவை மூன்று. தவணை, அடுத்த சனிக்கிழமை.