விடுதிப் பதிவேட்டில் தம்பியின் கையெழுத்து

மூன்றாம் நாள் கடைசி வளைவில் பெரியவர் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளினார். அறுபத்து நான்கு வயதில் தள்ளுவது அவமானமில்லை. அதுவும் பார்க்க ஆள் இல்லாத இடத்தில். வளைவு முடிந்ததும் மலை தட்டையாகி, கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் கல்லும் காற்றுமாக விரிந்தது.

சென்ற வருடம் இறந்துபோன அவர் தம்பி, இருபத்தாறு வயதில் இந்தப் பீடபூமியைத் தனியாகச் சைக்கிளில் கடந்தவன். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு அதுதான் கிரீடம். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், சம்பந்தி காதுபடவே பங்காளி கேட்டுவிட்டான்: "அண்ணே, மிதிச்சது உங்க தம்பியா, இல்ல லாரியா?"

சபை சிரித்தது. பெரியவர் எழுந்து நின்றார். "அவன் போன வழியில நானே மிதிச்சுப் போய் ஆதாரத்தோட வரேன்."

ஆதாரம் இருக்குமிடம் ஒன்றுதான். பீடபூமியின் நடுவில் தகரக் கூரை போட்ட வழிப்போக்கர் விடுதி. அங்கே தங்குகிறவர்கள் பதிவேட்டில் எழுதியாக வேண்டும்.

விடுதிக்கார அம்மாள் அடுப்புக்கு மேலே கொடி கட்டி யாருடையவோ ஈரக் காலுறைகளை உலர்த்திக்கொண்டிருந்தாள். "வாங்க ஐயா. சைக்கிளைவிட உங்க முட்டிதான் அதிகமா கிறீச்சிடுது," என்றாள். விஷயத்தைக் கேட்டதும், "அது எங்க மாமியார் விடுதி நடத்தின காலமாச்சே! எலி தின்னது போக மிச்சம் இருந்தா உங்க அதிர்ஷ்டம்," என்று பரணிலிருந்து பழைய பதிவேட்டுக் கட்டு ஒன்றை இறக்கினாள்.

இருந்தது. தம்பியின் சாய்ந்த எழுத்து. வாகனம்: சைக்கிள். உடன் வருவோர்: இல்லை. கீழே மாமியார் குறிப்பு வேறு: 'இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். மருந்து போட்டோம். மறுநாள் எதிர்க்காற்றில் கிளம்பினார்.'

பெரியவரின் நெஞ்சு நிமிர்ந்தது. பங்காளி வாயில் மண்! அப்புறம்தான் கடைசிக் கட்டத்தைப் பார்த்தார். ஆபத்து நேர்ந்தால் தகவல் சொல்ல வேண்டிய உறவினர்: 'யாரும் இல்லை.'

அழுத்தி எழுதியதில் தாளின் மறுபக்கம் புடைத்திருந்தது.

தம்பி ஒரு பெண்ணை விரும்பியபோது, "அவளைக் கட்டினா எனக்குத் தம்பியே இல்லை" என்று வாசலை மறித்துக்கொண்டு சொன்னவர் பெரியவர்தான். தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். விசாரித்த உறவுக்கெல்லாம், "மலையைக் கடக்க நான்தான் அனுப்பியிருக்கேன்" என்று சொல்லிவைத்தார். ஒரு மாதம் கழித்துத் திரும்பியவனுக்கு மாலை போட்டதும் அவர்தான். தம்பி தலைகுனிந்து வாங்கிக்கொண்டான். கடைசிவரை கல்யாணம் செய்யவில்லை, வாயும் திறக்கவில்லை.

"போன்ல படம் எடுத்துக்கங்க ஐயா."

எடுக்கலாம். ஆனால் பங்காளி கல்லில் நார் உரிப்பவன். ஒரு கட்டத்தை மறைத்து எடுத்தால், மறைத்தது என்ன என்று பார்க்க அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிடுவான்.

பெரியவர் ஜன்னலோரம் போய்ப் பங்காளிக்குப் போன் போட்டார்.

"என்னண்ணே, கிடைச்சுதா?"

"கிடைச்சுது. நீ சொன்னதுதான் சரி. லாரியிலதான் வந்திருக்கான்."

அந்தப் பக்கம் சிரிப்பு. "நான் அப்பவே சொன்னேன்ல! இருந்தாலும் ஒத்துக்கிட்டீங்க பாருங்க, உங்களுக்குப் பெரிய மனசுண்ணே."

"வைக்கிறேன்."

விடுதிக்கார அம்மாள் பதிவேட்டை மூடாமல் நின்றாள். "சைக்கிள்னு எழுதியிருக்கே ஐயா? செத்த மனுஷன்மேல எதுக்கு இந்தப் பழி?"

"இது எங்க குடும்ப விஷயம்."

"குடும்பமே இல்லைன்னு அவரே எழுதியிருக்காரே."

கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. பெரியவர் சைக்கிளை எடுத்து, வந்த வழியே திருப்பினார். முதுகுக்குப் பின்னால் அவர் கடக்காத பாதிப் பீடபூமி கிடந்தது. அதைக் கடந்தவர் என்று அந்த வீட்டில் இனி யாரும் இல்லை.