கரி உடைக்கிற குக்ரி

பதினேழு வருஷம் பட்டாளத்தில் இடுப்பில் குக்ரி என்கிற வளைகத்தியைக் கட்டிக்கொண்டு நின்றவன் நான். அணிவகுப்பில் அதை உருவிப் பிடித்திருக்கிறேன், முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பு ஏற்றியிருக்கிறேன். அதை வைத்து ஒரு கட்டு விறகு வெட்டியதில்லை. எங்கள் வீட்டில் விறகு வெட்டுவது என் மனைவி தில்சரா.

அவள் வெட்டினால் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தொடைப் பருமன் உத்திஸ் மரக்கிளையை மூன்றே வெட்டில் துண்டாக்குவாள். நான்காவது வெட்டு விழுந்தால் அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். ஊரில் ஆம்பளைகள்கூட அவள் வெட்டும்போது வேலி ஓரமாக நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் அடுப்புக்கு விறகில்லை. போய் வெட்டிக்கொண்டு வா என்று என்னிடம்தான் சொன்னாள். நான் டீக்கடையில் உட்கார்ந்து பட்டாளத்துக் கதை அளந்துகொண்டிருந்தேன். போகிறேன், போகிறேன் என்று சாயங்காலம் ஆக்கிவிட்டேன். கடைசியில் அவளே போனாள், பாசிக் கல்லில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. மணிக்கட்டு மேல்நோக்கி எழும்பும், கீழ்நோக்கி மடங்காது. பழைய குக்ரியை ஓங்கினால் அதன் நுனி அண்ணாந்துகொண்டு நிற்கும், விரல் முட்டிதான் முதலில் கட்டையில் போய் இடிக்கும். இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கத்தியை உறையில் போட்டாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஒரு வருஷம் நான் வெட்டினேன். வெட்டினேன் என்பதைவிடக் கடித்துத் துப்பினேன் என்று சொல்லலாம்.

இந்த வருஷம் மலைச்சரிவு முழுக்க ஏலக்காய் முற்றி நின்றது. கறுப்பு ஏலக்காயை வாட்ட இரண்டு நாள், மூன்று நாள் உலை அணையாமல் எரியவேண்டும். விறகுக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"ஆள் வெச்சா என் கை செத்துப்போச்சுன்னு அர்த்தம்," என்றாள். "பெரிய குக்ரியா ஒண்ணு எடுத்துப் பார்க்கிறேன். அதுலயும் முடியலைன்னா நீ யாரை வேணா வெச்சுக்க. அப்புறம் நான் கத்தியையே தொடமாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். மறுநாள் காலையிலேயே அவள் பழைய குக்ரியை இடுப்பில் செருகிக்கொள்ள, பிர்மான் விஸ்வகர்மாவின் பட்டறைக்குக் கிளம்பி இறங்கினோம். எங்கள் போஜ்பூர் மலைப்பக்கத்தில் கொல்லர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பிர்மான் தனி. லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து, சிவந்து நிற்கிற கத்தியின் விளிம்பில் மட்டும் கெண்டியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போவான். விளிம்பு கல்லாக இறுகும், முதுகு இளக்கமாகவே இருந்து அடியைத் தாங்கும். மனசுக்குப் பிடித்த கத்தியில் மட்டும் முதுகோரம் ஒரு பிறை முத்திரை குத்துவான். பிடிக்காததை யார் கேட்டாலும் விற்கமாட்டான், அவ்வளவு திமிர் பிடித்தவன்.

"வாங்க ஹவில்தார் அண்ணே! பட்டாளம் யார் மேல படையெடுக்குது?" என்றான்.

"விறகு மேல," என்றாள் தில்சரா.

பாயில் பத்துப் பன்னிரண்டு பெரிய குக்ரிகள் வரிசையாகக் கிடந்தன. நான் முந்திக்கொண்டு, ஒல்லியாக நீளமாக இருந்த ஒன்றை எடுத்து நீட்டினேன். "இதைப் பாரு, லேசா இருக்கு. உன் கைக்கு நோகாது."

"இது கல்யாணத்துக்குக் கட்டிட்டுப் போற கத்தி. நீ இதைக் கட்டிக்கிட்டு டீக்கடைக்குப் போ," என்றாள். "லேசான கத்தின்னா எல்லா பலமும் கையில இருந்து வரணும். கனமான கத்தி தானே விழும். பதினேழு வருஷம் என்னத்தத்தான் கத்துக்கிட்டியோ."

பிர்மான் சிரிப்பை அடக்கக் குனிந்து எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தான்.

அவள் தேர்ந்தெடுக்கிற அழகை நான் சொல்லியாகவேண்டும். ஒவ்வொன்றையும் முதுகோடு கண்ணை வைத்து நேர் பார்த்தாள். நகத்தால் சுண்டிக் காதருகே பிடித்தாள், ஓசை சட்டென்று அடங்கினால் கீழே வைத்தாள். பிடியைத் திருப்பி, இரும்பு கடைசிவரை போகிறதா என்று பார்த்தாள். அரக்கு வைத்து ஒட்டிய பிடிகளை ஒதுக்கிவிட்டாள். "ரெண்டே நாள்ல பிடி என் கையில இருக்கும், கத்தி பள்ளத்துல இருக்கும்." ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு கத்திக்கும் பிர்மானின் முகம் சுருங்கியது, ஆனால் ஒன்றுக்குக்கூட அவனால் மறுப்புச் சொல்ல முடியவில்லை.

கடைசியில் மூன்று தேறின, மூன்றும் அருமையான கத்திகள். முற்றத்தில் சோதித்துப் பார்ப்பதற்கென்றே ஒரு கட்டூஸ் கட்டை கிடக்கும், இரும்பு மாதிரி மரம். முதல் குக்ரியை ஓங்கினாள். முட்டி இடித்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் தோல் பெயர்ந்து ரத்தம் வந்துவிட்டது.

"கத்தி மேல குத்தமில்லக்கா…" என்று ஆரம்பித்த பிர்மான் அதோடு நிறுத்திக்கொண்டான்.

தில்சரா மூன்றையும் துடைத்துப் பாயில் எடுத்த இடத்திலேயே வைத்தாள். "போலாம்," என்றாள் என்னிடம். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்துப் பிர்மானின் மனைவி மன்கலி உலை மூட்டக் கரி உடைத்துக்கொண்டிருந்தாள். கையில் கறுத்துப்போன ஒரு பெரிய குக்ரி. பிடியருகே அது பாதி வணக்கம் போட்டவன் மாதிரி அளவுக்கு மீறிக் குனிந்திருந்தது. போகத் திரும்பிய தில்சரா நின்றுவிட்டாள். மன்கலியின் கையை அவள் பார்க்கவில்லை. கரியில் கத்தியின் எந்த இடம் முதலில் விழுகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, அதைக் குடு."

"ஐயோ அக்கா, அது வேண்டாம்!" என்று பிர்மான் ஓடிவந்தான். "அது தப்பிப் பிறந்தது. திஹார் பண்டிகைக்கு மச்சான் வந்திருந்தான். ரெண்டு பேரும் கொஞ்சம் ஏத்திக்கிட்டு அடிச்சோம். கழுத்து தொங்கிப்போச்சு."

"அன்னிக்கு ரெண்டு பேருக்கும் கழுத்து தொங்கிக்கிட்டுதான் இருந்துச்சு," என்றாள் மன்கலி. "புள்ளை அப்பன் ஜாடை."

தில்சரா அதை வாங்கிச் சுண்டிப் பார்த்தாள். கரி பூசிய அந்தச் சனியன் கணீரென்று பாடியது. கல்லில் நாலு இழுப்பு இழுத்து விளிம்பைத் தீட்டினாள். கட்டையின் முன்னால் கால் அகட்டி நின்று ஓங்கினாள்.

அவள் மணிக்கட்டு மடங்கவில்லை. மடங்கவேண்டிய மடக்கு முழுவதும் கத்தியிலேயே இருந்தது. அதன் விளிம்பின் வயிற்றுப்பாகம் முதலில் போய் விழுந்து பாதி மரம் வரை இறங்கியது. அவளே ஒரு கணம் திகைத்து நின்றாள். இரண்டாவது வெட்டைச் சாய்த்துப் போட்டாள், சிராய் பறந்து என் மார்பில் அடித்தது. மூன்றாவதில் கட்டை இரண்டாகி உருண்டது.

நான் அழுதேன். உலை இன்னும் மூட்டவில்லை, புகை மேல் பழி போடவும் வழியில்லை.

"அப்படியே எடுத்துட்டுப் போங்கக்கா," என்றான் பிர்மான். "காசு வேண்டாம். யார் அடிச்சதுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"முழுக் காசும் குடுப்பேன். முத்திரை போட்டுக் குடு."

"கோணக் கத்திக்கு முத்திரை போட்டா ஊரே சிரிக்கும்!"

தில்சரா வலது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதுவும் கோணல்தான். இப்ப வெட்டினது எதுன்னு பார்த்தேல்ல?"

பிர்மான் கட்டையருகே குனிந்தான். வெட்டுப்பட்ட மரத்தின் முகத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். வழவழவென்று இருந்தது. உள்ளே போய் உளியும் சுத்தியலும் எடுத்துவந்தான், கத்தியின் முதுகைத் துடைத்தான், ஒரே அடியில் பிறையைக் குத்தினான். குத்திய பிறகு அதை இரண்டு கையாலும் ஏந்தி அவளிடம் கொடுத்தான்.

"அப்ப எனக்குக் கரி உடைக்க?" என்றாள் மன்கலி.

தில்சரா இடுப்புக் கச்சையிலிருந்து பழைய குக்ரியை உருவிக் கொடுத்தாள். "வெச்சுக்க தங்கச்சி. இது நேரானது."

மலை ஏறும்போது, ஒரு வருஷமாகத் தொண்டையில் நின்றதைச் சொன்னேன். "அன்னிக்கு நான் போயிருக்கணும் தில்சரா. தப்பு என் மேலதான்."

அவள் திரும்பாமலே நடந்தாள். "தெரியும். நீயா சொல்றியான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்."

வீட்டுக்கு வந்ததும் நேராக விறகுக் கொட்டகைக்குப் போனாள். என் ஒரு வருஷ உழைப்பைக் காலால் தள்ளிப் பார்த்தாள். "இதெல்லாம் எலி கடிச்சதா ஹவில்தாரே?" என்று கேட்டுவிட்டு, வெளியே கிடந்த முழுக் கிளைகளை இழுத்துப் போட்டாள்.

அன்றைக்கு நான் டீக்கடைப் பக்கம் போகவில்லை. அவள் வெட்டினாள், நான் எடுத்து அடுக்கினேன். இருட்டும்வரை எண்ணிக்கொண்டே இருந்தேன், எந்தக் கிளைக்கும் நான்காவது வெட்டு விழவில்லை.