முப்பது நாள் போதும்

நிரலில் பதினேழாவது இடத்திலும் அக்காவின் கைப்பேசி எண்தான் இருந்தது. தம்பி அதை அழித்துவிட்டு, அவள் சொன்ன சொல்லை அங்கே தட்டினான்.

“அவ்வளவுதானா, இன்னும் இருக்கா?” கண்களை மூடியபடியே கேட்டாள்.

தேடிப் பார்த்தான். இல்லை.

நகரக் குடிநீர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் அக்காவுக்கு இருபத்திரண்டு வருட வேலை. ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு நீரேற்று நிலையத்தின் கணினி யாருக்கும் தெரியாமல் செத்துப் போய், பாதி ஊருக்கு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் வரவில்லை. அந்த வாரமே உட்கார்ந்து ஒரு காவல் நிரலை எழுதினாள். நிமிடத்துக்கு ஒரு முறை அது பதினோரு கணினிகளையும் சுற்றிவரும். உயிரோடு இருக்கின்றனவா, வட்டில் இடம் இருக்கிறதா, சூடு ஏறியிருக்கிறதா என்று பார்க்கும். ஏதாவது கோளாறு என்றால் அவள் கைப்பேசி அலறும்.

நிரல் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அவசரத்தில் எழுதியது. எந்தக் கணினியைப் பார்ப்பது, எப்போது கத்துவது, யாரிடம் சொல்வது எல்லாமே அதன் வயிற்றுக்குள் கலந்து கிடந்தன. அடுப்படியில் செருப்பும் கட்டிலில் கரண்டியும் கிடக்கிற வீடு என்று அவளே சொல்வாள். அவளைத் தவிர வேறு யாரும் அதில் கை வைக்க முடியாது.

இனி மருந்து கேட்காது என்று டாக்டர் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது மடிக்கணினியைத்தான். விரல்கள் மரத்துப் போயிருந்ததால் தம்பியை வரச் சொன்னாள். அவனுக்கு அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் வேலை. நிரலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மின்னல் வேகத்தில் தட்டுவான்; ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. இரண்டு வாரம் விடுப்புப் போட்டுவிட்டு வந்து, கட்டில் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

முதலில், மாறக்கூடிய விவரங்களையெல்லாம் நிரலுக்குள்ளிருந்து எடுத்துத் தனிக் கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதினார்கள். பதினேழு இடங்களிலும் தட்டிய சொல் அந்தக் கோப்பைத்தான் போய்ப் பார்க்கும்; எண்ணை மாற்ற வேண்டுமானால் இனி அதில் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும். அந்த வரியில் அவன் இப்போது நீரேற்று நிலையப் பொறுப்பாளரின் எண்ணை எழுதினான். ஒவ்வோர் இலக்கமாக அவனை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சரி என்றாள்.

நிரல் எழுதி வந்த குறிப்புகளைப் போன வாரமே திருத்தியாயிற்று. அதில்தான் அவனுக்கு மனசு வரவில்லை. ‘கிழவர் மறுபடி மூச்சு வாங்குகிறார்’, ‘பெருந்தீனிக்கு வயிறு நிறைந்துவிட்டது’ என்றெல்லாம் அது எழுதிக்கொண்டிருந்தது. கிழவர் என்பது இரண்டாம் நிலையத்தின் மிகப் பழைய கணினி. பெருந்தீனி, அடிக்கடி வட்டு நிரம்புகிற இன்னொன்று. படித்துப் படித்துச் சிரித்தவன், பெருந்தீனியையாவது விட்டுவிடலாமே என்று கெஞ்சிப் பார்த்தான்.

“எனக்குச் சிரிப்பு வந்தா ஆச்சா?” என்றாள். “பாக்கிறவருக்குப் புரிய வேணாமா?”

ஆகவே எந்த நிலையம், எந்தக் கணினி, என்ன ஆயிற்று, முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று எல்லாம் வெற்று வாக்கியங்களாயின.

மிச்சம் இருந்தது சேமிப்பு மட்டும். ஒன்பது வருடமாக நிமிடத்துக்கு நிமிடம் எழுதிய அத்தனையும் ஒரே கோப்பில் மலையாகக் குவிந்திருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் அந்தக் கோப்பே வட்டை அடைத்துக் காவல்காரனைப் படுக்க வைத்துவிட்டதாம். அதை ரசித்துச் சொன்னாள்.

“எத்தனை நாள் வச்சுக்கலாம்க்கா?”

“முப்பது நாள் போதும். அப்புறம் நாளுக்கு ஒரு வரி. வருஷம் திரும்புனா அதுவும் வேணாம்.”

“ஒன்பது வருஷத்துது ஆச்சே.”

“எல்லாம் நல்லா ஓடுச்சுன்னுதான்டா எழுதியிருக்கும். போகட்டும்.”

அவன் விரல் விசையின் மேலேயே நின்றது. அவள் அவசரப்படுத்தவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி காத்திருந்தாள். கடைசியில் அழுத்தினான். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மதியம் மூன்று மணிக்குச் சோதனை வைத்தார்கள். அத்தான் பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு, ஓட்டுநர் சட்டையோடே வந்து அவள் கால்மாட்டில் உட்கார்ந்தார். பொறுப்பாளர் மூன்றாம் நிலையத்தில் உதிரியாக வைத்திருந்த கணினியின் கேபிளைப் பிடுங்கிவிட்டதாகப் போனில் சொன்னார். மூவரும் காத்திருந்தார்கள். கட்டிலின் மேல் அக்காவின் கைப்பேசி மல்லாந்து கிடந்தது. அத்தானின் கண் அதன் மேலேயே இருந்தது. எத்தனையோ நாள் அது அலறி அவள் எழுந்து போக, அவர் பாதிச் சாப்பாட்டில் தனியே உட்கார்ந்திருக்கிறார், அதனால்.

ஒரு நிமிடம் போயிற்று. தம்பியின் போனில் மறுபடி பொறுப்பாளர்.

“வந்துருச்சு மேடம். மூணாம் நிலையம், உதிரிக் கணினி பதில் இல்லை, முதலில் கேபிளைப் பார்க்கவும்னு போட்டிருக்கு. எனக்கே புரியுது மேடம்.”

அக்காவின் கைப்பேசி மூச்சு விடவில்லை. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அத்தானைப் பார்த்தாள்.

“இனி அது உங்களைப் படுத்தாது.”

“பழகிப்போச்சு,” என்றார் அவர்.

ஆரஞ்சுச் சாறு கேட்டாள். இரண்டு கரண்டி குடித்துவிட்டுப் போதும் என்றாள். சின்ன வயதில் அவன் ரயில் சத்தத்துக்குப் பயந்து அவள் பாவாடைக்குள் ஒளிந்த கதையை அத்தானிடம் நூறாவது தடவையாகச் சொல்ல ஆரம்பித்து, பாதியிலேயே தூங்கிப் போனாள். மடிக்கணினியை மூடிவிட்டு இருவரும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஐந்தரை மணிக்கு, வெயில் அறையை விட்டு விலகும் முன்பே, அடுத்த மூச்சு வரவில்லை. அத்தான் அவள் நெற்றியில் கிடந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

மறுநாள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பொறுப்பாளர் மட்டும் வாசலில் தயங்கி நின்று, தம்பியைத் தனியே அழைத்தார். காலையில் இரண்டாம் நிலையத்தில் வட்டு நிரம்புவதாகச் செய்தி வந்ததாம்; அதில் சொல்லியிருந்தபடியே செய்து சரிபண்ணிவிட்டாராம். “யாரையும் கூப்பிட வேண்டி வரல,” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

உள்ளே வந்தபோது கொல்லைப்புறத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அத்தான் அவளுடைய கட்டில் விரிப்பைத் துவைத்துக்கொண்டிருந்தார். அவன் போய் மறுமுனையைப் பிடித்தான். அவர் ஒரு பக்கம் முறுக்க, அவன் எதிர்ப் பக்கம் முறுக்கினான். கடைசிச் சொட்டு விழுந்ததும் பிரித்து உதறி, சுருக்கமில்லாமல் இழுத்துக் கொடியில் போட்டார்கள். விரிப்புக்கு அந்தப் பக்கம் அத்தானின் கால்கள் மட்டும் தெரிந்தன. கொஞ்ச நேரம் அவை அங்கிருந்து நகரவில்லை. அவனும் இந்தப் பக்கத்திலேயே நின்றான்.